ஹைலக்ஸ் முன்பக்கம்: எதற்கு ஒரிஜினல், எதற்கு மாற்றுச் சாமான்?

போன மாதம் அக்கா மகன் ஒரு சீட்டோடு வீட்டுக்கு வந்தான். பட்டறையில் ஃபோர்மேன் எழுதிக் கொடுத்த சீட்டு. கீழ் பால் ஜாயிண்ட் இரண்டு, மேல் பால் ஜாயிண்ட் இரண்டு, டை ராட் எண்ட் இரண்டு, ரேக் எண்ட் இரண்டு, லோவர் ஆர்ம் புஷ் நான்கு, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டு, அப்சார்பர் ஒரு ஜோடி. ஆர்ம் என்பது சக்கரத்தைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் இரும்புக் கை. பால் ஜாயிண்ட் அந்தக் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பந்து மூட்டு, புஷ் அந்தக் கை அசையும் இடத்து ரப்பர் உறை. டை ராட் எண்டும் ரேக் எண்டும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைப்பவை. ஸ்டெபிலைசர் லிங்க் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு, அப்சார்பர் துள்ளலை அடக்குவது. பக்கத்திலேயே மூன்று கடை விலையையும் குறித்து வைத்திருந்தான். முதல் கடை சொன்ன மொத்தம், மூன்றாவது கடை சொன்னதைப்போல் நான்கு மடங்கு. "எல்லாம் ஒரே சாமான்தானே மாமா, எதை வாங்கட்டும்?" என்று கேட்டான்.

அவன் வண்டி 2010 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ பிக்கப், டீசல், போர்வீல். இரண்டாம் கையாக வாங்கியது. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் குத்தகை எடுத்து ஓட்டுகிறான். காலையில் ஆட்களை இறக்குவான், உர மூட்டை ஏற்றுவான், லாரி நுழையாத இடத்திலிருந்து குலையை அள்ளிச் சாலைக்குக் கொண்டுவருவான். ஒரு குலை 15 கிலோ, 20 கிலோ இருக்கும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் மழையோ வெள்ளமோ வண்டி நிற்காது. நானும் பல வருடமாக இதே பிழைப்புதான். ஆகவே இங்கே சொல்வது தோட்ட வேலை செய்யும் வண்டிக்கு மட்டும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்காரருக்கு இவ்வளவு யோசனை தேவைப்படாது.

விலையைப் பேசுவதற்கு முன்னால் சீட்டில் இருப்பது எல்லாமே தேய்ந்துதான் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல ஃபோர்மேன்கூட "எதற்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்" என்று எழுதுவது உண்டு. அவர் மீது தவறு இல்லை, திரும்பத் திரும்பப் பிரிக்கிற வேலை மிச்சம் என்று நினைப்பார். ஆனால் காசு நம்முடையது.

பார்க்கும் விதம் இதுதான். ஹைலக்ஸில் ஸ்பிரிங் லோவர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் கொடுத்தால் அந்த அழுத்தத்தில் பால் ஜாயிண்ட் இறுகியே நிற்கும், ஆட்டம் தெரியாது. லோவர் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக ஜாக்கி கொடுத்துத் தூக்க வேண்டும். பிறகு டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது சக்கர பேரிங். எது என்று பிரித்தறிய ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். டயரை இடமும் வலமுமாக ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட் எண்ட், இல்லை ரேக் எண்ட். கையை ஜாயிண்டின் மேல் வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டியரிங்கை லேசாக அசைக்கச் சொன்னால் எது என்று விரலுக்கே தெரியும்.

அவன் வண்டியை அப்படித் தூக்கிப் பார்த்தோம். மேல் பால் ஜாயிண்ட் இரண்டும் கெட்டியாக இருந்தன, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான டஸ்ட் கவரும் கிழியவில்லை. வலது ரேக் எண்டும் நன்றாக இருந்தது. சீட்டிலிருந்து மூன்று உருப்படி குறைந்தது. இடது கீழ் பால் ஜாயிண்ட்தான் மோசம். டஸ்ட் கவர் கிழிந்து, விரலால் அழுத்தியதும் செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. கிரீஸ் என்று உள்ளே ஒன்றுமே இல்லை.

நம் பக்கத்தில் முன்பக்கச் சாமானைக் கொல்வது பாரத்தைவிடத் தண்ணீர்தான். செம்மண் குழைந்த தண்ணீர் கிழிந்த ரப்பருக்குள் நுழைந்துவிட்டால் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். அதோடு உரம். பொட்டாஷ் உரம் என்று மூட்டை மூட்டையாக ஏற்றுகிறோமே, அது பொட்டாசியம் குளோரைடு, ஒரு வகை உப்பு. சிந்திய தூள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பில் ஒட்டினால் துரு ஓடிவந்து ஏறும். உரம் ஏற்றிய நாளில் வண்டிக்கு அடியிலும் தண்ணீர் அடியுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, எதை எந்தத் தரத்தில் வாங்குவது? எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஓடிக்கொண்டிருக்கும்போது இது கழன்றால் சக்கரம் என்ன ஆகும்? கீழ் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும். டை ராட் எண்டோ ரேக் எண்டோ கழன்றால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. புஷ் கிழிந்தால் வண்டி இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். லிங்க் உடைந்தால் சத்தம் போடும், வளைவில் கொஞ்சம் சாயும். அப்சார்பர் போனால் துள்ளும், பிரேக் பிடிக்கும்போது மூக்கைக் குத்தும். இந்த வரிசையில்தான் காசையும் பிரிக்க வேண்டும். எல்லாம் ஒரிஜினல் என்பதும் எல்லாம் மலிவு என்பதும் யோசிக்காமல் எடுக்கிற முடிவுகள்.

பால் ஜாயிண்ட் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெட்டியில் இருந்த கீழ் பால் ஜாயிண்டை ஒரு கடையில் வழக்கமான விலையில் பாதிக்கு வாங்கிப் போட்டேன். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை, சாலையிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில் வடிகால் குழாய் மேல் ஏறி இறங்கினேன். டமார் என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே பிதுங்கி, மட்கார்டு டயர் மேல் படுத்துக் கிடக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் பிடுங்கிக்கொண்டு, பிரேக் ஹோஸ் அறுந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பியதால் தப்பித்தேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதே வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெரிய சாலையில் வந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

கழன்ற சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பந்து உட்காரும் கிண்ணத்தின் விளிம்பு விரிந்துபோயிருந்தது. நல்ல கம்பெனிகள் தங்கள் முத்திரையைச் சாமானின் இரும்பிலேயே பொறித்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. பெட்டி மட்டும்தான் கம்பெனியைப் போல. அன்றிலிருந்து பெட்டியைப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டேன். சாமானை வெளியே எடுத்து முத்திரையைத் தடவிப் பார்ப்பேன், பழையதையும் புதியதையும் இரண்டு கையில் வைத்து எடை பார்ப்பேன், டஸ்ட் கவரை அழுத்தி ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பேன்.

ஒரிஜினல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. 2005இல் டொயோட்டாவே அமெரிக்காவில் டக்கோமா, டன்ட்ரா, 4ரன்னர், செக்குவோயா வண்டிகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கீழ் பால் ஜாயிண்டுக்காகத் திரும்ப அழைத்தது. தயாரிக்கும்போது பந்தின் மேற்பரப்பில் கீறல் விழுந்திருந்தால் சீக்கிரம் தேய்ந்து கழன்றுவிடலாம் என்பது காரணம். ஒரு கீறலுக்கு அவ்வளவு பெரிய கம்பெனி அத்தனை வண்டியைத் திரும்ப அழைத்தது என்றால் இந்தச் சாமான் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். யார் செய்ததாக இருந்தாலும் இதைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் கீழ் பால் ஜாயிண்டுக்கும் டை ராட், ரேக் எண்டுக்கும் என் முடிவு: ஒன்று டொயோட்டா ஒரிஜினல், இல்லாவிட்டால் இதே சாமானுக்குப் பேர்போன கம்பெனி. ஜப்பானின் 555 நம் ஊர் ஃபோர்மேன்களுக்கு நன்றாகத் தெரியும். கொரியாவின் சிடிஆர் இருக்கிறது. டிஆர்டபிள்யூவும் லெம்ஃபோர்டரும் ஜெர்மனியின் இசட்எஃப் குடும்பம். இவற்றில் எது கிடைத்தாலும் ஒரிஜினலுக்கு நெருக்கமாக உழைக்கும், விலை கணிசமாகக் குறையும். எனக்கு 555 போதும் என்பது இத்தனை வருட அனுபவம். ஆனால் பேர்போன பெயருக்குத்தான் போலியும் அதிகம். அதனால் கம்பெனியைவிடக் கடையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ரசீதில் சாமானின் எண்ணையும் கம்பெனிப் பெயரையும் எழுதித் தரத் தயங்குகிற கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பெட்டியில் "தாய்லாந்து" என்று அச்சடித்திருந்தால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். விகோவுக்கும் அதற்குப் பின்னால் வந்த ஹைலக்ஸுக்கும் தாய்லாந்துதான் பெரிய தயாரிப்பு மையம். டொயோட்டா ஒரிஜினல் பெட்டியிலேயே தாய்லாந்து என்று இருக்கும். அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிரீஸ் அடிக்கும் துவாரம் (நிப்பிள்) வைத்ததா, அது இல்லாமல் முழுதாக மூடி வந்ததா என்ற கேள்வியும் எழும். மூடி வரும் ஜாயிண்டில் கவனிக்க வேண்டியது குறைவு. ஆனால் டஸ்ட் கவர் கிழிந்தால் அன்றோடு அதன் ஆயுள் எண்ணப்படும். நிப்பிள் வைத்ததில் மாதம் ஒரு முறை கிரீஸ் அடித்தால் உள்ளே போன தண்ணீரும் மண்ணும் வெளியே தள்ளப்படும். தோட்ட வண்டிக்கு இதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன், ஆனால் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுக்கிற ஆளுக்கு மட்டும். அக்கா மகன் எடுக்க மாட்டான், எனக்குத் தெரியும். அதனால் மூடி வந்ததையே வாங்கச் சொன்னேன்.

புஷ்ஷுக்கு வருவோம். இங்கே ஒரிஜினல் கட்டாயம் இல்லை. நடுத்தர விலையில் நல்ல ரப்பர் புஷ் போதும். பாலியூரித்தேன் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த புஷ் கெட்டியாக இருக்கும், பாரத்துக்குத் தாங்கும் என்று சொல்லி விற்பார்கள். கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொடுத்து அசையும், பாலியூரித்தேன் புஷ் வழுக்கிச் சுழல வேண்டும். இடையில் செம்மண் புகுந்தால் கீச்சிடும், தேயும், கிரீஸ் கேட்கும். பள்ளத்தின் அதிர்ச்சியையும் அப்படியே சேசிஸுக்குக் கொடுத்துவிடும். நாள் முழுக்கக் கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவருக்கு ரப்பர்தான் இடுப்புக்கும் நல்லது.

புஷ்ஷில் சாமானைவிட மாட்டும் கைதான் பெரிது. ஆர்மைக் கழற்றி அழுத்தும் பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஓரம் நசுங்கும். அப்புறம், வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டி தன் வழக்கமான உயரத்துக்கு வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கவிட்டு முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். "நல்ல புஷ்தான் போட்டேன், ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று புலம்புகிறவர்களின் கதை பல நேரம் இதுதான்.

ஹைலக்ஸ் லோவர் ஆர்மில் இன்னொரு தலைவலி, அலைன்மெண்ட், அதாவது சக்கரக் கோணம், சரிசெய்யும் கேம் போல்ட். வருடக்கணக்கில் மண்ணும் உப்பும் புகுந்து புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கழற்ற முடியாமல் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அதனால் புஷ் வாங்கும்போதே கேம் போல்ட் ஒரு செட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரிஜினலாகவே இருக்கட்டும். போல்ட் இல்லாமல் பட்டறையில் இரண்டு நாள் வண்டி நின்றால் குலைக் காசு போய்விடும். புதிய போல்ட்டுக்கு கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

ஆர்மே வளைந்திருந்தால் முழு ஆர்ம் வாங்க வேண்டும். புது ஆர்ம், புஷ்ஷோடும் சில கம்பெனியில் பால் ஜாயிண்டோடும் சேர்ந்தே வரும். கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில நேரம் இதுவே லாபம். ஆனால் மிக மலிவான முழு ஆர்மில் அடங்கியிருக்கும் பால் ஜாயிண்ட் எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

லிங்க் மலிவானதே போதும், உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். அப்சார்பர் கயாபா போன்ற தெரிந்த கம்பெனி, இரண்டு பக்கமும் சேர்த்து.

பழைய சாமான் கடை, ஹாஃப்கட் கடை (பாதியாக அறுத்து இறக்குமதி செய்த பழைய வண்டியின் சாமானை விற்பவை) பற்றிக் கேட்பார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானில் ஹைலக்ஸ் விற்பனை 2004இல் நின்று, மறுபடி 2017இல்தான் தொடங்கியது. விகோ அங்கே விற்கப்படவே இல்லை. யாராவது "ஜப்பான் ஹாஃப்கட் விகோ ஆர்ம்" என்று விற்றால் அது வேறெங்கோ அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். அடிபட்ட வண்டி என்றால் முன்பக்கம்தான் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். ஆர்மையோ, சக்கரம் பொருந்தும் இரும்புத் துண்டான நக்கிளையோ பழையதாக வாங்கினால் சமதளத்தில் வைத்து, மறுபக்கத்து ஆர்மோடு ஒப்பிட்டு, வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இரண்டையும் பழையதாக வாங்கவே கூடாது, யார் கொடுத்தாலும் சரி. பம்பர், கிரில், விளக்கு, மட்கார்டு பழைய கடையில் தாராளமாக வாங்கலாம்.

ஸ்டியரிங் ரேக்கில் ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் புதியது, ரீகான் (பழையதைப் பிரித்துப் புதுப்பித்தது), பழையது என்று மூன்று வழி. புதிய ரேக் பெரிய செலவு. ரீகான் என்றால் சீலும் புஷ்ஷும் மாற்றித் தருவார்கள். ஆனால் உள்ளே ஓடும் தண்டில் துருப் புள்ளி விழுந்திருந்தால் புதிய சீலையும் அது அறுத்துவிடும், மறுபடி கசியும். பிரித்த பிறகு தண்டை உங்களிடம் காட்டச் சொல்லி, அது வழவழப்பாக இருந்தால் மட்டும் ரீகானுக்குச் சம்மதியுங்கள். எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வேறு வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய எல்என்106 ஹைலக்ஸ் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (தகட்டு ஸ்பிரிங்), முழு ஆக்ஸில். அதில் பால் ஜாயிண்ட் கணக்கே வராது, டை ராட் எண்டும் நக்கிள் பேரிங்கும்தான். முதல் தலைமுறை இசுசு டி-மேக்ஸுக்கு முன்பக்கம் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. ஸ்பிரிங் வேலையை அந்தக் கம்பி செய்தாலும் அதுவும் லோவர் ஆர்மைத்தான் தாங்குகிறது, கீழ் பால் ஜாயிண்டுக்கு அதே மரியாதை வேண்டும். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் போட்டிருக்கும் தம்பிமார்களுக்கு ஜாயிண்டின் கோணம் கூடுவதால் தேய்மானம் இன்னும் வேகமாக இருக்கும். அவர்கள் மலிவுச் சாமான் பக்கமே போக வேண்டாம்.

மாட்டி முடித்ததும் பட்டறையில் நின்று ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஜாயிண்டைப் பிடிக்கும் கேஸ்டில் நட்டை முறுக்கிய பிறகு, அது கழலாமல் குறுக்கே குத்தும் ஸ்பிளிட் பின் ஓட்டை சரியாக வராவிட்டால், அடுத்த ஓட்டை வரும்வரை இன்னும் முறுக்க வேண்டும். ஓட்டைக்காகத் தளர்த்தக் கூடாது. பழைய பின்னையே நிமிர்த்திப் போடவும் கூடாது, சில காசு பெறும் சாமான் அது. அப்புறம் அலைன்மெண்ட். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று உரம் ஏற்றப் போய்விட்டால் ஒரே வாரத்தில் டயர் ரம்பம் மாதிரி தேய்ந்திருக்கும். சரக்கு வண்டியாகப் பதிந்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே சைட் ஸ்லிப்பையும் (சக்கரம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்பதை) வண்டியின் அடிப்பகுதியையும் பார்ப்பார்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை வைத்துக்கொண்டால் அவசரத்தில் கிடைத்ததை மாட்ட வேண்டியிருக்காது.

அக்கா மகன் கடைசியில் கீழ் பால் ஜாயிண்ட் இரண்டும் ஒரிஜினல், டை ராட் எண்ட் இரண்டும் இடது ரேக் எண்டும் 555, புஷ் நடுத்தர விலை, கேம் போல்ட் ஒரிஜினல், லிங்க் மலிவு என்று வாங்கினான். அப்சார்பர் அடுத்த மாதக் குலைக் காசில். மொத்தம் முதல் கடை விலையில் பாதிக்கும் கீழே வந்தது. மேல் பால் ஜாயிண்டையும் வலது ரேக் எண்டையும் மழைக்காலம் முடிந்ததும், ஜனவரியில், மறுபடி தூக்கி ஆட்டிப் பார்க்கிறோம்.